பதினோரு பொட்டலமும் ரோஸ்லின் அக்காவின் ஞாயிறும்

இன்று காலை பெங்களூரில் என் அறையில் ஒரு சமையல் விபத்து. டப்பாவின் அடியில் கொஞ்சம் பொன்னி அரிசி கிடந்தது. அறைத்தோழன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதோ தடித்த அரிசி இன்னொரு பையில் கொஞ்சம். இரண்டையும் ஒன்றாகக் கழுவிக் குக்கரில் வைத்துவிட்டேன். திறந்து பார்த்தால் பாதி குழைந்து கூழாகியிருந்தது, மீதி பல்லில் கடிபட்டது. அறைத்தோழன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதைச் சாப்பிடணுமா, இல்ல சுவத்துல பூசணுமாப்பா?"

எனக்கோ கோபமே வரவில்லை. அந்த ஆவியை முகர்ந்ததும் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். அது எங்கள் கோயில் வாசனை.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம். நீடாமங்கலத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், வாய்க்கால் மதகைத் தாண்டியதும் வலது கையில் ஒரு ஓட்டுக் கட்டடம். மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடித்தால் அடுத்த தெரு வரை கேட்கும். உள்ளே பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அங்கே பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். அது ஆண்டவருக்கு. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டு பாடும்போது வீட்டுக்கு ஒருவர் டப்பாவோடு முன்னால் போய் அண்டாவில் கொட்டுவார். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, இன்னொரு வீட்டில் கூலி நெல்லைக் குத்திய அரிசி. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாம் ஒன்றாக வேகும். ஒருநாளும் ஒழுங்காக வெந்ததில்லை. நாங்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடாமல் எழுந்ததும் இல்லை.

நான் டிகிரி முடித்துவிட்டு வேலைக்கு மனுப்போட்டுக்கொண்டு ஊரில் இருந்த வருடம் அது. அப்போது நான் வாலிபர் சங்கச் செயலாளர். சங்கத்தில் மொத்தம் இரண்டு பேர், இன்னொருவன் தலைவர். அவனும் ஆடி மாதம் குவைத் போய்விட்டான். காவிரியில் தண்ணீர் வராத இரண்டு வருடத்தில் நான்கு குடும்பம் திருப்பூருக்குப் போயிற்று. படித்தவர்கள் சென்னைக்குப் போனார்கள். வாராவாரம் ஒரு பாயைக் குறைத்து விரித்துக்கொண்டே வந்து, கடைசியில் எட்டுப் பேர் நின்றோம்.

எங்கள் போதகர் நான்கு ஊர்க் கோயில்களுக்கு ஒரே மொபெட்டில் ஓடுகிற மனிதர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இங்க இனிமே மாசத்துக்கு ஒரு ஆராதனைதான்னு கமிட்டியில பேச்சு. மத்த வாரம் வேன் வரும், டவுன் கோயிலுக்கு வந்துடுங்க. அடுத்த வாரம் எண்ணிப் பாப்பேன். இருபது பேர் இருந்தா நான் உங்களுக்காகப் பேசுறேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து ரோஸ்லின் அக்கா எழுந்தார். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். நெல் ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து அவர் கணவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

"வேன் எட்டு மணிக்கு வந்து பன்னெண்டுக்குத் திரும்புமுங்கய்யா. அந்த மனுசனைக் கட்டில்ல விட்டுட்டு ஒரு மணி நேரம்தான் என்னால வர முடியும். இது போச்சுன்னா எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்லீங்க."

போதகர் வெளியே போய் மொபெட்டை மிதித்தார்.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. செயலாளர் அல்லவா. அன்று சாயங்காலமே எங்கள் கிரிக்கெட் டீமைக் கூட்டினேன். சம்பா அறுத்த வயல்தான் மைதானம், அறுத்த அடித்தாள் காலில் குத்தும். கேப்டன் நூர்தீன், கூத்தாநல்லூர்க்காரன். என் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தது என்று பாருங்கள்: நாங்கள் எட்டு, என்னை விட்டு டீம் பதினொன்று, குறைகிற ஒன்றுக்குப் போதகரையே சேர்த்துக்கொள்வது.

"ஒரு மணி நேரம் உக்காரணும், அவ்வளவுதான்டா. எல்லாரும் எந்திரிச்சா எந்திரிங்க."

"நான் உள்ள வரலடா, வாப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு," என்றான் நூர்தீன். "வாசல்ல நின்னு அந்தத் தண்டவாளத்தை அடிக்கிறேன். அதுக்கு ஒரு ஆள்னு எழுதிக்க."

போகிற போக்கில் பிடியரிசி பற்றியும் சொல்லித் தொலைத்தேன்.

ஞாயிறு வந்தது. நூர்தீன் அடித்த அடியில் வாய்க்காலில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டது. கோயில் நிறைந்தது. எங்கள் விக்கெட் கீப்பர் தெரியாத பாட்டைக்கூட எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. போதகரின் முகம்கூட மலர்ந்திருந்தது.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. அக்கா தன் பழைய பவுடர் டப்பாவைக் கொட்டிவிட்டு நகர்ந்தார். பின்னாலேயே என் டீம் வரிசையாகப் போனது. ஒவ்வொருவன் கையிலும் ஒரு பொட்டலம். ஒரே அளவு, ஒரே கண்ணாடித்தாள், ஒரே சிவப்பு ரப்பர் பேண்டு. கடைசி ஆள் இரண்டு வைத்திருந்தான். ஒன்று வாசலில் நிற்கும் நூர்தீனுடையது. அண்டாவில் அவை தொப் தொப்பென்று விழுந்தன.

போதகர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, பதினோரு வீட்டுலயும் ஒரே கடை அரிசியா?"

வாசலிலிருந்து நூர்தீனே பதில் சொன்னான். "எங்க மாமா கடைங்க. வெறுங்கையோட எப்படிங்க ஒரு கோயிலுக்கு வர்றது?"

யாரோ சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க ரோஸ்லினம்மா. எத்தனை பேருன்னு எழுதட்டும்?"

இருபது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த இருபது அவருக்கு இருந்த அளவு வேறு யாருக்கும் அவசியமில்லை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எட்டுங்கய்யா. மத்தவங்க விருந்தாளிங்க. நல்ல புள்ளைங்க."

போதகர் எட்டு என்று எழுதினார்.

வெளியே வந்ததும் அக்காவை மறித்தேன். "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க? உங்களுக்காகத்தானே இவ்வளவும் பண்ணினேன்?"

"பொய் சொல்லி வாங்கின ஞாயித்துக்கிழமையில உக்காந்துக்கிட்டு நான் ஆண்டவர்கிட்ட என்னத்தைப் பேசறது, சொல்லு? போ, அந்தப் புள்ளைங்களுக்கு மொதல்ல சோறு போடு. பசியோட நிக்குதுங்க." அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. ஒரே கடை அரிசி ஐந்தரை கிலோ விழுந்தும் சோறு வழக்கம்போல மோசமாகத்தான் வெந்தது. டீம் அண்டாவை வழித்துவிட்டது.

மாதத்துக்கு ஒன்று என்றே முடிவாயிற்று. போதகர் கிளம்பும் முன் அக்கா மொபெட்டின் அருகே போய், "மத்த வாரம் கோயில் சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டுங்கய்யா. பாட்டு எனக்குத் தெரியும்," என்றார். போதகர் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். நகம் வைத்துக் கழற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரண்டே மாதத்தில் எனக்கு பெங்களூர் கால் சென்டரில் வேலை கிடைத்தது. கோயிலைக் காப்பாற்றக் கிளம்பிய செயலாளர் ஒரு சூட்கேஸோடு ரயிலேறினார். புது ஊர், ஆங்கிலம், இரவெல்லாம் வேலை, எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிறு வந்தால் தூங்கினேன்.

மறு வருடம் விடுப்பில் வந்து திரும்பிய நாள் ஒரு ஞாயிறு. ரயிலுக்காகப் பையோடு நடக்கையில் கோயிலுக்குள் ஒரே ஒரு குரல் பாடுவது கேட்டது. மீதி ஆறு பேரும் வேனில் போகப் பழகிவிட்டார்கள் என்று அம்மா சொல்லியிருந்தார். ஜன்னலோரம் நின்றேன். பாட்டு முடிந்து ஜெபம். அக்கா ஊரை விட்டுப் போனவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல. குவைத்தில் இருப்பவன், திருப்பூரில் இருக்கிற நான்கு குடும்பம், பிள்ளைகளின் பெயர்கள்கூட விடாமல். அப்புறம் என் பெயர்.

"அவனுக்கு ராத்திரி வேலையாம், ஆண்டவரே. பகல்லயாவது நல்லா தூங்க வையுங்க."

நான் உள்ளே போகவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

கணவர் இறந்த பிறகு மகள் வந்து அக்காவைத் திருப்பூருக்கு அழைத்துப் போய்விட்டாள். சாவி போதகரிடம் திரும்பிப் போயிற்று. இப்போது மாதத்துக்கு ஒரு ஆராதனைகூட இல்லை. போன பொங்கலுக்குப் போனபோது தண்டவாளத் துண்டையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவில் எங்கள் பெயர்களைச் சத்தமாகச் சொல்ல யாரும் இல்லை.

அன்று செருப்பைக் கழற்றிவிட்டு நான் உள்ளே போயிருந்தால், இரண்டு பேர் ஆகியிருப்போம்.