மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றிய நாள்

கரண்டு ஆபீஸ் வேலையில் ஒழுங்காக இருந்தால் நம்மை ஒருவரும் நினைக்க மாட்டார்கள். ஒரு தடவை தவறினால் ஊரே வாசலில் வந்து நிற்கும். கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் சகோதரிகளுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தபோது என் மகளுக்கு எட்டு மாதம். இப்போதும் அவள் தூங்கிய பிறகுதான் எழுதுகிறேன். நடுவில் சிணுங்கினால் கதை அங்கேயே நிற்கும். இதில் பெரும்பகுதி, ஈஸ்வரி என்ற பெண்ணின் பாலிடெக்னிக் விண்ணப்பப் பாரம் அவள் அப்பா கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த நாட்களைப் பற்றியது.

சார் வரட்டும்

சேர்ந்த வாரமே ராசாங்கம் என்ற விவசாயி வந்தார். கூடவே எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மகள் ஈஸ்வரி. "இன்ஜினியர் இருக்காகளா?" என்றார். "நான்தான், உட்காருங்கள்" என்றேன், கான்வென்ட் மரியாதையோடு. "இருக்கட்டும் தாயி, சார் வரட்டும்" என்று வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

மத்தியானம், குழந்தைக்குப் பசி என்று என் கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். ராசாங்கம் அவரைப் பிடித்துக்கொண்டு வோல்டேஜ் குறைவதைப் பற்றி அரைமணி நேரம் முறையிட்டார். இவரும் பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு ராசாங்கம் உள்ளே வந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "சார் தங்கமான மனுசன் தாயி. கரண்டப் பத்தித்தான் கொஞ்சம் கம்மியாத் தெரிஞ்சு வச்சிருக்காக."

மூன்று தடவை

எனக்குக் கரண்டு என்றால் பயம். சிஸ்டர்கள் கணக்குச் சொல்லித் தந்தார்கள், கல்லூரியில் சூத்திரம் சொல்லித் தந்தார்கள். கரண்டு போஸ்ட்டுக்கு அடியில் நிற்கும்போது வரும் பயத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. லைனை நிறுத்திவிட்டார்களா என்று ஒன்றுக்கு மூன்று தடவை கேட்பேன். லைன்மேன் தங்கராசு அண்ணனுக்குச் சலிப்பாக இருக்குமே என்று ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். அவர் இடது கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரல் இல்லை. "நீங்க நல்லாப் பயப்படுங்கம்மா. பயமில்லாத ஆளு கூட வேல பாத்துத்தான் இது போச்சு."

அப்பாவின் தூக்கம்

ஈஸ்வரி மறுபடி தனியாக வந்தாள். "அக்கா, இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல மதுரை பாலிடெக்னிக் பாரத்தை வரவழைத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து நிரப்பினோம். அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி. கடைசித் தேதிக்குப் பத்து நாள்.

பாரத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் தோட்டத்துக்கே போனேன். ராசாங்கம் அதைத் தொடவே இல்லை. அவர் கேட்ட கேள்வி, என் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மணிக்கொரு தடவை வாசலைப் பார்க்கும் என்னுடையதும்தான். "பொம்பளப் பிள்ளைய மதுரையில விட்டுட்டு நான் இங்கன எப்படித் தாயி தூங்குறது?"

மூன்று கட்டைகள்

அந்த வாரமே நான் மாட்டினேன். டிரான்ஸ்பார்மர் மாற்றியபோது மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிக் கட்டச் சொல்லிவிட்டேன். விளக்கெல்லாம் எரிந்தது. ஆனால் அத்தனை தோட்டத்து மோட்டார்களும் தலைகீழாகச் சுற்றின, தண்ணீர் ஏறவில்லை. வாழைக்காரர்கள், திராட்சைக்காரர்கள், எல்லாரும் ஆபீஸ் வாசலில்.

ராசாங்கம் தோட்டத்தில் மட்டும் தண்ணீர் கொட்டுகிறதென்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஈஸ்வரி ஸ்டார்ட்டரில் இரண்டு வயரை மாற்றிப் போட்டிருந்தாள்! எனக்கு உயிரே போய்விட்டது. "கரண்டோடயா தொட்டே?" என்று கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "மூணு பீஸ் கட்டையையும் உருவி மடியில கட்டிக்கிட்டுத்தான்க்கா தொட்டேன்." பீஸ் கட்டை இல்லாமல் மோட்டாருக்குக் கரண்டே வராது; அது மடியில் இருந்தால் வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடவும் முடியாது.

மோட்டார் யாருக்கு

மறுநாள் டிரான்ஸ்பார்மரில் என் தவற்றைச் சரிசெய்தோம். ஊர் முழுக்கத் தண்ணீர். இப்போது ராசாங்கம் மோட்டார் மட்டும் தலைகீழ்! "ஊருக்கெல்லாம் வருது, எனக்கு மட்டும் என்ன தாயி வம்பு?" என்று வந்து நின்றார். சேர்ந்தே போனோம். ஈஸ்வரி கட்டைகளை உருவினாள், வயரைப் பழையபடி மாற்றினாள், பச்சைப் பொத்தானை அமுக்கினாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர். ராசாங்கத்தின் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து, இதுதான் நேரமென்று பாரத்தை நீட்டினேன். கடைசித் தேதிக்கு இரண்டே நாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "இம்புட்டு வேல தெரிஞ்ச பிள்ளைய அனுப்பிட்டா, மோட்டார யாரு பாக்குறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்த ஈஸ்வரியின் அம்மா மேலே ஏறி வந்தாள். கையைத் துடைத்தாள், ஈரம் போச்சா என்று பார்த்து மறுபடியும் துடைத்தாள். மோட்டாரை நிறுத்தினாள். மூன்று கட்டைகளையும் ஒவ்வொன்றாக உருவி மடியில் கட்டினாள், திரும்ப மாட்டினாள், பொத்தானை அமுக்கினாள். தண்ணீர் பாய்ந்தது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு எல்லாஞ் சொல்லிக் குடுத்துட்டா. கையெழுத்தப் போடுங்க. தூக்கம் வரலைன்னா எந்திரிச்சு வந்து எனக்கு டார்ச் அடிங்க, மோட்டார நான் பாத்துக்கிறேன்."

ராசாங்கம் அங்கேயே கையெழுத்துப் போட்டார். கம்பியை மாற்றிக் கட்டியதற்காக எனக்கு வந்த மெமோவுக்கு விளக்கத்தை, இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, மூன்று தடவை சரிபார்க்காமல் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன்.