பின்சீட்டிலிருந்து முக்கொம்பு, கல்லணை வரை

உலகத்திலேயே அழகான இடம் எது என்று வாடகைக் கார் ஓட்டுகிறவனைக் கேட்டுப் பாருங்கள். வண்டியை நிழலில் நிறுத்த முடிகிற இடம் என்பான்.

ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி அறுபதுகள் முழுக்கத் திருச்சி ஜங்ஷன் பக்கம் கறுப்புக் கார் ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தேன். கோயிலுக்கு வருகிறவர்களால் தொல்லை இல்லை. சாமியைப் பார்ப்பார்கள், கிளம்புவார்கள். "எங்கேயாவது காத்தாட, தண்ணி ஓடுற இடமாப் போகலாம்ப்பா" என்று ஏறுகிறவர்கள்தான் உயிரை எடுப்பார்கள். குடும்பத்தோடு ஒருதரமாவது பிக்னிக் போய்வந்திருந்தால் நீங்களும் பட்டவர்தான். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எதிர்கொண்டு அழைத்தல்

ஸ்ரீரங்கத்துக்காரர் சம்பத்துக்குப் பம்பாயில் உத்தியோகம். லீவில் வந்தவர், ஊரை விட்டு நகராத தன் தகப்பனாரை முக்கொம்புக்கு அழைத்துப் போக ஆசைப்பட்டார். பெரியவர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வெயில் என்றார், வண்டி குலுங்குகிறது என்றார், தீர்த்தச் சொம்பை மறந்துவிட்டோம் என்றார்.

காவேரி இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவரை நிறுத்தி, "பாருங்கோப்பா, என்ன ரம்யமா இருக்கு! இங்கேர்ந்துதான் ஒரு பக்கம் கொள்ளிடம், ஒரு பக்கம் காவேரி" என்றார் மகன். பெரியவர் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதே ஜலம்தானேடா நாளைக்கு நம்மாத்துப் படித்துறைக்குத் தானா வந்து சேரப்போறது? அதுக்கு நாம எதுக்கு இத்தனை தூரம் எதிர்கொண்டு வந்து அழைச்சுண்டு போகணும்?"

பேரில் இருந்த புலி

ஹெட் கிளார்க் தங்கவேலு ஆபீசில் அதட்டினால் தலைக்கு மேல் சுற்றுகிற பங்கா கூட நின்றுவிடும் என்பார்கள். அவர் மனைவியும் இரண்டு பெண்களும் போட்ட திட்டம் அந்தப் பயணம். எந்த இடம் என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. உப்பிலியபுரம் தாண்டினதும்தான், "எங்கேப்பா போறோம்?" என்றார். "புலியஞ்சோலைங்க" என்றேன். மனுஷர் தன் பக்கத்துக் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டார்.

சோலை வந்தது. பெண்கள் மூவரும் ஓடைக்கு ஓடினார்கள். இவர் மட்டும் நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல சித்திரை வெயில். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அப்போது எங்கிருந்தோ வந்த எருமை ஒன்று, முதுகு அரித்தது போலும், காரில் சாய்ந்து தேய்க்க ஆரம்பித்தது. வண்டி ஆடியது. "ஐயோ, வந்துடுச்சு!" என்று ஒரு கத்தல். மறுபக்கக் கதவு திறந்தது. பூட்ஸும் கைக்கடிகாரமுமாக ஹெட் கிளார்க் நேராக ஓடைக்குள் போய் விழுந்தார்.

எருமையைத் தேடி வந்த விவசாயி அவரைக் கைகொடுத்துத் தூக்கி, பயப்படாதீங்க என்று தேற்றினார்: "புலியெல்லாம் எங்கப்பா காலத்துல இருந்துச்சுங்க. டவுன்ல இருந்து ஆளுங்க குளிக்க வர ஆரம்பிச்சதும், சத்தம் தாங்காம அதுவே போயிடுச்சுங்க."

அருவிக்குப் போகும் வழியில்

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் ஐந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சைமலை அருவிக்கு வண்டி பேசினார்கள். துறையூர் தாண்டினதும் வண்டி இருமி நின்றது. நான் இறங்குவதற்குள் ஐவரும் இறங்கி பானெட்டைத் திறந்துவிட்டார்கள். வாரம் முழுக்க ரயில் எஞ்சினோடு மல்லுக்கட்டும் ஆட்களுக்கு இது விளையாட்டுச் சாமான். ஆளுக்கு ஒரு நோய் சொன்னார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் கழற்றினார்கள். என் நல்ல துண்டை விரித்து, அதில் என் எஞ்சினைப் பரப்பி வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் பெட்ரோல் குழாயில் தூசி. வாயால் ஒரு ஊது ஊதியிருந்தால் போயிருக்கும்.

எல்லாவற்றையும் மறுபடி மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வண்டி என்னவோ முன்னைவிட நன்றாகவே ஓடியது. "அருவியைப் பார்க்க முடியாமப் போச்சேங்க" என்று நான்தான் வருத்தப்பட்டேன். முழங்கை வரை கிரீஸோடு, முகமெல்லாம் சிரிப்போடு, ஃபிட்டர் மரியதாஸ் சொன்னார்: "அட விடுங்கண்ணே, அருவி எங்க போயிடப் போகுது? இந்த மாதிரி எஞ்சின் திரும்பக் கிடைக்குமா?"

தற்செயலாக

பாலக்கரை ஆரோக்கியசாமி சார் ஸ்கூல் வாத்தியார். அவர் மகள் ஸ்டெல்லாவை டால்மியாபுரம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. வீட்டில் காபி கொடுத்துத் தலைகுனிந்து நிற்க மாட்டேன் என்று பெண் சொல்லிவிட்டாள். அதனால் இரண்டு குடும்பமும் கல்லணையில் 'தற்செயலாக' சந்திப்பதாக ஏற்பாடு. அவர்களை இவர்கள் பார்த்தது கிடையாது. தரகர் சொன்ன அடையாளம்: அப்பா, அம்மா, கண்ணாடி போட்ட பையன்.

அணைக்குப் பக்கத்து மரத்தடியில் அப்படியே ஒரு குடும்பம் சாப்பாட்டுக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டிருந்தது. சார் பாய்ந்து போய், "அடடே, என்ன ஆச்சரியம், நீங்களும் இங்கேயா!" என்று பெரியவரைக் கட்டிக்கொண்டார். அவரும் யாரோ தெரிந்தவர் போல என்று மரியாதைக்குக் கட்டிக்கொண்டார். சேர்ந்து சாப்பிட்டார்கள். ஸ்டெல்லாவும் அந்தப் பையனும் மதகில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்த சிரிப்பு என் கார் வரைக்கும் கேட்டது.

அப்போதுதான் இன்னொரு கார் வந்து நின்றது. அப்பா, அம்மா, கண்ணாடி போட்ட பையன். வழியில் சர்க்கார்பாளையத்தில் டயர் பஞ்சராம், அதனால் தாமதம். சாருக்கு முகம் செத்துவிட்டது. மரத்தடிக் குடும்பம் கும்பகோணத்துக்காரர்கள், சும்மா காற்று வாங்க வந்தவர்கள். யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் சார் எல்லோரிடமும் கேட்டார்.

திரும்பும்போது திருவெறும்பூர் வந்ததும் சார் மெதுவாக, "என்னம்மா சொல்லட்டும் அவங்களுக்கு?" என்றார். பெண் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "சரியா வந்தவங்க வேணாம்ப்பா. தப்பா வந்தவங்களையே கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தார். ஈஸ்டர் முடிந்து கல்யாணம். மணப்பெண்ணை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனதும் என் கார்தான். வாசலில் வண்டி நின்றதும் சார் இறங்காமல் என் தோளைத் தொட்டார்: "தம்பி, இறங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பார்த்துச் சொல்லுங்க, உள்ள நிக்கிறது கும்பகோணத்துப் பையன்தானே?"

இத்தனை வருஷம் இத்தனை பேரை ஆறும் மலையும் காட்டக் கூட்டிப் போனதில் நான் கண்டது, அழகான இடத்துக்குப் போனால் யாரும் இடத்தைப் பார்ப்பதில்லை என்பதைத்தான்.