மாஸ்டர் வெட்டிய இடது கைகள்

"மூச்சை உள்ள இழுக்காதீங்க சார். நான் தைக்கிறது உங்க வயித்துக்கு, உங்க ஆசைக்கு இல்ல." இடுப்பில் டேப்பைச் சுற்றும்போதெல்லாம் மாஸ்டர் இதைச் சொல்வார். வாடிக்கையாளர் நெளிவார். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் தம்பி, பல வருஷமாகக் கேட்டதற்கே இன்னும் சிரிப்பான்.

அண்ணன் வெட்டுவார், தம்பி தைப்பான். கடை அப்படித்தான் ஓடுகிறது. தலை நரைத்துவிட்ட தம்பியை இப்போதும் "டேய் பொடியா" என்றுதான் கூப்பிடுவார். மாஸ்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். தலை சுற்றினால் பிரஷர் மாத்திரை போடுவார். சுற்றல் நின்றதும் அட்டையைத் தூக்கி ஊசி டப்பாவில் போட்டுவிடுவார். "நல்லா இருக்கிறவனுக்கு எதுக்குடா மாத்திரை?" அவர்களுடைய அப்பா, கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே "சார் யாரு?" என்று கேட்டவர். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் மாஸ்டர் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

போன வாரம் தைக்க ஒரு கோட்டு வந்தது. மாஸ்டர் வெட்டிக் கொடுத்த கைப் பகுதிகளைத் தம்பி பொருத்திப் பார்த்தான். இரண்டுமே இடது கை. சிரித்துக்கொண்டே காட்டினான். மாஸ்டரும் தலையில் அடித்துக்கொண்டு, மீதித் துணியில் வலது கையை வெட்டிக் கொடுத்தார். அதுவும் இடது கை.

"அண்ணே, மறுபடியும் இடதுண்ணே."

"கண்ணு தெரியலையா உனக்கு? இது வலது கைடா!"

அவர் விளையாடவில்லை. கோபம் நிஜம். தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் முகத்தில் அப்பா தெரிந்தார்.

அன்றைக்கே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். பிரஷர் பார்த்த டாக்டரம்மாவே திடுக்கிட்டார். "இவ்வளவு பிரஷரை வெச்சுக்கிட்டா கத்தரி பிடிச்சீங்க?" அப்பாவின் கதையையும் கேட்டுக்கொண்டார். "மறதி நோய் சில குடும்பத்துல ரத்தத்தோட வரும். வந்தே தீரும்னு இல்ல. பரம்பரையை நம்மால மாத்த முடியாது. ஆனா பிரஷர் மூளைக்குப் போற ரத்தக்குழாயைக் கெடுக்குது பாருங்க, அதைக் கட்டுப்படுத்தலாம்."

மாத்திரை எழுத டாக்டரம்மா பேனாவை எடுத்தபோது மாஸ்டர் தடுத்தார்.

"எனக்கு அப்புறம் எழுதுங்கம்மா. முதல்ல இவனைப் பாருங்க. இவனுக்கும் அதே அப்பாதான்."

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே" என்று தம்பி முனகினான். மாஸ்டர் காதில் வாங்கவில்லை. அவன் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, மேலே சுருட்ட ஆரம்பித்தார்.