எலேனி அன்ரி சொன்ன ஓஹி

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு சூப்பர் மார்க்கெற்றில், வெள்ளைப் பாற்கட்டியைத் துண்டு போட்டுப் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஒரு தமிழ்ப் பிள்ளை. "ட்ரை பண்ணிப் பாருங்கோ அங்கிள். ஹலூமி. ஃப்ரம் சைப்பிரஸ்" என்றாள். ஆளுக்கு ஒரு துண்டு என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. அறிவித்தலை மதிக்கிறவன் நான். ஒன்றை வாங்கினேன். முட்டைப் பகுதியைச் சுற்றி வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொன்று. கண்ணாடியையும் கழற்றிவிட்டு மூன்றாவது.

"அங்கிள், அடுத்த ரவுண்டுக்கு ஜக்கெற்றையும் கழட்டப் போறீங்களோ?"

பல்லுக்கிடையில் கீச்சென்று கத்துகிற உணவு அது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு மழைதான் ஞாபகம் வரும். மத்தியதரைக் கடலில் எப்போதும் வெயில் என்று நம்புகிறவர்கள் விளம்பரத் தாளை மட்டும் பார்த்தவர்கள். சைப்பிரஸ் தீவின் குளிர்காலத்தை, லிமசோல் நகரக் கடற்கரையில் பூட்டிக் கிடந்த ஒரு ஹோட்டலுக்குள் முழுசாக அனுபவித்தவன் நான். சுவர் ஈரம், போர்வை ஈரம், சப்பாத்துக்குள் ஈரம். கனடாவில் குளிர் வெளியே நிற்கும். அங்கே அது நம்மோடு கட்டிலில் படுக்கும்.

நானும் யோகனும் கார்த்திகையில் போய்ச் சேர்ந்தோம். யோகன் யாழ்ப்பாணத்தில் என் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். உல்லாசப் பயணிகள் போய்விட்ட ஹோட்டலைக் கூட்டித் துடைத்துக் காவல் காப்பது எங்கள் வேலை. எண்பது அறைகள், இரண்டு பேர். எங்களுக்கு மேலே முகாமையாளர் எலேனி. ஐம்பது வயது, உதட்டில் எந்நேரமும் சிகரெட். முகத்துக்கு முன்னால் 'மடம்' என்று கூப்பிடுவோம். எங்களுக்குள் எலேனி அன்ரி. எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார், அவசரம் என்றால் கிரேக்கத்துக்குத் தாவுவார்.

அங்கே போகுமுன் நான் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். விண்ணப்பம், இணைப்பு, உறுதிப்படுத்திய பிரதி இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது. இங்கே வந்தபிறகும் முப்பது வருடம் ஊர்ச்சனத்துக்குப் படிவம் நிரப்பியே ஓய்வுபெற்றேன். ஆகவே யோகனின் கலியாணத்தையும் முறைப்படி நடத்திவைக்கலாம் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஊரில் யோகனுக்குக் கலாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரியூசனுக்குச் சைக்கிளில் போகும்போது அவளைக் கண்ட நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. ஹோட்டலில் வேலை என்று மட்டும் வீட்டுக்கு எழுதியிருந்தான். மிச்சப் பொய்யைப் படங்கள் சொல்லின. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து இடம் பார்க்கப் போவோம்: பழைய கோட்டை, கடலைப் பார்த்த கல் அரங்கு, மாரியில் பழுத்துத் தொங்கும் தோடம்பழத் தோட்டங்கள். படம் எடுப்பதற்கு நான் விதிகள் வகுத்திருந்தேன். அடுத்தவன் காரின் கதவில் கை வைக்கலாம், சாயக் கூடாது. கார்க்காரன் வருகிற திசையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உல்லாசப் படகென்றால் ஒரு காலை மட்டும் வைக்கலாம்.

கடைசியில் முன் மண்டபத்தில் எலேனி அன்ரியின் மேசையில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி யோகன் இருக்கும் படம் ஒன்றும் போனது. பெண் வீட்டார் அவனை முகாமையாளர் ஆக்கிவிட்டார்கள். கலாவின் தாய்மாமன் லண்டனிலிருந்து மலிவான குளிர்காலச் சுற்றுலாவில் வந்து, 'ஞாயிறு உம்முடைய ஹோட்டலைப் பார்க்க வருகிறேன்' என்று சொல்லியனுப்பினார்.

"அண்ணை, முடிஞ்சுது. அந்தாள் வந்து பாத்தால் கலாவைத் தரமாட்டினம்."

"பயப்பிடாதை. முறைப்படி செய்வம்."

முன் மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் விருந்தினர் ஒருவரை இருத்த அனுமதி கோரி, ஆங்கிலத்தில் இரண்டு பிரதிகளில் விண்ணப்பம் எழுதினேன். எலேனி அன்ரி வாசித்தார். சிகரெட்டை எடுக்காமலே "ஓஹி" என்றுவிட்டுப் போனார்.

"என்னவாம் அண்ணை?"

"ஓகேயாம்."

பிரதியில் 'வாய்மொழி அனுமதி கிடைத்தது' என்று எழுதித் திகதியும் இட்டேன்.

மாமனை முதலில், காதல் தெய்வம் கடலிலிருந்து எழுந்ததாகச் சொல்லும் பாறைக்குக் கூட்டிப்போனோம். மழை. குடை இரண்டுதரம் மறுபக்கம் மடிந்தது.

"மாமா, இந்தப் பாறையை மூண்டுதரம் நீந்திச் சுத்தினால் நினைச்சது நடக்குமாம்."

"நான் இன்னும் உமக்கு மாமா ஆகேல்லைத் தம்பி. நீர் சுத்தும், நான் குடை பிடிக்கிறன்."

ஹோட்டலில் யோகன் என் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு கால்மேல் கால் போட்டிருந்தான். நான் பரிசாரகன் மாதிரிக் கோப்பி கொண்டுவந்தேன். அப்போது கதவைத் திறந்துகொண்டு எலேனி அன்ரி வந்தார்.

"யோகன்! நீ ஏன் இருக்கிறாய்? மூன்றாம் மாடிக் கழிவறைகளை யார் கழுவுவது?" மாமனுக்கு நன்றாக விளங்கும் ஆங்கிலம்.

நான் பிரதியை நீட்டினேன். எலேனி அன்ரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான்தான் ஓஹி என்றேனே! ஓஹி என்றால் இல்லை! ஆம் என்பதற்கு நே!"

முப்பது வருட உத்தியோகத்திலும் அவ்வளவு தெளிவான நிராகரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. நான் மேன்முறையீட்டுக்கு வசனம் தேடிக்கொண்டிருக்க, யோகன் எழும்பினான். கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் தந்தான். உள்ளே போய்த் தும்புத்தடியோடு வந்தான். பாறையடியிலிருந்து நாங்கள் கொண்டுவந்த சேறு தரையெல்லாம் கிடந்தது.

"மாமா, காலை ஒருக்காத் தூக்குங்கோ."

மாமன் தூக்கினார். யோகன் நாற்காலிக்குக் கீழே, மூலைக்குள், கம்பளத்து விளிம்பிலெல்லாம் கூட்டி முடிக்கும்வரை அந்த மனிதர் இரண்டு காலையும் அந்தரத்தில் வைத்திருந்தார். எலேனி அன்ரி மாமனுக்கு வைத்த கோப்பியை எடுத்துக் குடித்தார்.

கால்களை இறக்கிய மாமன் மெல்லக் கேட்டார். "தம்பி, உந்த மேசையிலை இருந்து எனக்கும் ஒரு படம் எடுக்கலாமோ? நான் லண்டனிலை அக்கவுண்டன் எண்டுதான் ஊரிலை நினைச்சுக்கொண்டிருக்கினம்."

"அப்ப, இல்லையோ?"

"பஸ் கழுவுறன்."

எலேனி அன்ரியிடம் இம்முறை வாயாலேயே அனுமதி கேட்டேன். "நே" என்றார். நாங்கள் நோ என்று விளங்கிக்கொண்டு கமராவை உறைக்குள் வைத்துவிட்டோம். அவர் தலையில் அடித்துக்கொண்டு, கமராவைப் பறித்துத் தானே படம் எடுத்தார்.

அதன்பிறகு ஐம்பது நாள் ஊரிலிருந்து ஒரு வரியும் இல்லை. யோகன் எண்பது அறைகளையும் தேவையில்லாமல் இரண்டாம்தரம் கழுவினான். பிறகு, கலாவைத் தர ஓம் என்று கடிதம் வந்தது.

இப்போது யோகனும் கலாவும் இங்கே பிறம்ரனில். மாமன் ஊருக்கு எழுதிய கடிதத்தைக் கலா இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவாள்: "பொடியன் ஹோட்டலிலை கூட்டிற வேலை. நல்லாக் கூட்டுறான். குடுக்கலாம். கூட இருக்கிறவன் கடுதாசி எழுதுறவன். அவனுக்கு ஒருத்தரும் பொம்பிளை குடுத்திட வேண்டாம்."

அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரம் ஒன்று நிற்பதை யோகனின் மகள் போனில் காட்டினாள். மாமன் இப்போது உயிரோடு இல்லை. கடிதம், கலா வீட்டார் ஓர் இடப்பெயர்வில் விட்டுவந்த பெட்டியோடு போய்விட்டது. கலா சொல்லும்போதெல்லாம் என்னைப் பற்றி ஒரு வரி கூடிக்கொண்டே வருகிறது. போன தைப்பொங்கலுக்கு அவள் சொன்னபோது, என் கோட்டைப் பற்றியும் மாமன் எழுதியிருந்தார். மூலப் பிரதி கேட்காமல் என் வாழ்க்கையில் நான் ஏற்றுக்கொண்ட ஆவணம் அது ஒன்றுதான்.