நீல மையில் எழுதிய வரி

நான் வேலை பார்த்த செராமிக் கம்பெனிக்குள், கறுப்பு அட்டை போட்ட தன் ஆய்வேட்டின் நடுவில் விரலை வைத்தபடி அக்கா வந்து நின்ற மத்தியானம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. வெளியே பலகைகளில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. சூளைக்குப் போகாத பொம்மைமேல் நாலு தூறல் விழுந்தாலும் போச்சு என்பதால் விருத்தாசலத்தில் நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவோம். அக்கா வானத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "இது அவங்க எழுதுனது இல்லடி. நான் எழுதுனது" என்றாள்.

அக்கா தமிழில் கவிதை எழுதுவாள். கல்லூரியில் தற்காலிகமாக ஆங்கிலம் நடத்திவந்தாள். அமெரிக்கப் பெண் கவிஞர் ஒருவரைப் பற்றி ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்தாள். பட்டம் வந்தால்தான் வேலை நிலைக்கும். பொம்மைப் பெட்டி செய்து மீந்த அட்டைத் துண்டுகளில்தான் குறிப்பெடுப்பாள். கவிஞரின் வரிகள் நீல மையில், தன்னுடையவை பச்சையில். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிக் கம்ப்யூட்டரில் அதையெல்லாம் அடித்துக் கொடுத்தவள் நான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், கவிதை தெரியாது. நீலம் என்றால் கவிஞர், அவ்வளவுதான். பச்சைப் பேனா தீர்ந்துபோன ஒரு நாள், தன் கவிதை வரியொன்றை இங்கிலீஷில் போட்டுப் பார்த்து, கவிஞரின் வரிக்குக் கீழேயே நீலத்தில் எழுதியிருக்கிறாள்: 'தீயைப் பார்த்த பிறகுதான் மண்ணுக்கு மழை பயம் போகிறது.' மேலே இருந்த பக்க எண்ணோடு சேர்த்து அதையும் கவிஞரின் பெயரில் ஏற்றிவிட்டேன். மூன்று தடவை திருத்தம் பார்த்த அக்காவுக்கு, பழகிய வரி என்பதால் உறுத்தவில்லை.

அதற்குள் பிரதி வெளிநாட்டுத் தேர்வாளருக்குப் போய்விட்டது.

"கைடுகிட்ட சொல்லிடுக்கா."

"சொன்னா மிச்சத்தையும் சந்தேகப்படுவாங்க. இல்லாதத எழுதுனவன்னு பேராயிடும். அப்பறம் எந்தக் காலேஜுலயும் கூப்புட மாட்டாங்க."

ஏழு மாதம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது. பக்கத்து முருகன் கோயிலில் மனக்குறையைப் பிராதாக எழுதிக் கட்டுவார்கள். யார் மேல் எழுதுவது என்று பேனாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு என் பெயரையே எழுதிக் கட்டினேன். அக்கா நீலத்தில் எழுதிய அந்தக் குறிப்பு அட்டையை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் இரண்டு பேருமாக அதைச் சூளை நெருப்பில் போட்டோம். கடைசியில் தேர்வாளரின் அறிக்கை வந்தது. அந்த வரியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பட்டம் வந்தது, வேலை நிலைத்தது. அந்தக் கவிதையை மட்டும் அக்கா எங்கும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

இப்போது அவள் துறைத்தலைவர். போன மாதம் அவள் தலைமையில் நடந்த கருத்தரங்குக்கு நானும் போயிருந்தேன். மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, அந்தக் கவிஞரின் மிகச்சிறந்த வரி என்று சொல்லி, அக்காவின் ஆய்வேட்டில் இருந்த பக்க எண்ணோடு அதே வரியை வாசித்தாள். அரங்கமே கை தட்டியது. அக்காவும் தட்டினாள்.

"இப்பவாவது சொல்லிடுக்கா" என்றேன், பஸ்ஸில்.

"எத வச்சு சொல்றது? என் கையெழுத்து இருந்த அட்டையும் இல்ல. அவங்களுதுன்னு சொன்னதே நான்தான்."

கண்டுபிடித்துவிடுவார்களோ என்று இத்தனை வருஷம் பயந்த அக்கா, இனி யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று சொல்லி, ஊர் வரும்வரை அழுதாள்.