தக்கிந்தி

கோவர்த்தனன் என் சித்தப்பா மகன். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் காய்களைத் தரம் பிரிக்கிற வேலை. குவியலைப் பார்த்தாலே எது நாளைக்கு அழுகும் என்று சொல்லிவிடுவான். தன் உடம்பு விஷயத்தில் மட்டும் அந்தக் கண் எங்கே போய்த் தொலைந்ததோ! எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ரத்ததானம் செய்யப் போனபோதுதான் அவனுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்கிற நொதி கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. திருப்பதி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அது ஈரல் செல்லுக்குள்ளே இருந்து வேலை செய்கிற பொருள். நோயால் செல் அடிபட்டு உடையும்போது ரத்தத்தில் கசிகிறது. இப்படியே வருஷக்கணக்கில் உடைந்துகொண்டிருந்தால் ஈரல் தழும்பேறிப் போகும். மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஸ்கேனுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கோவர்த்தனனே எனக்கு விளக்கினான்.

"அடிக்கூடையில பழம் நசுங்குனா லாரிப் பலகையில சாறு சொட்டுதில்ல, அது மாதிரிண்ணா."

இவ்வளவு புரிந்தவன் சில மாதத்திலேயே மாத்திரையை விட்டுவிட்டான். யாரோ கொடுத்த இலைச்சாற்றைக் குடித்துவிட்டு, உப்பில்லாமல் பத்தியம் இருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை சித்தூர் லேபில் ரத்தம் மட்டும் கொடுப்பான். முதலில் ஏறியிருந்த எண் மெல்ல இறங்கி, கடைசியில் சாதாரண அளவுக்கே வந்துவிட்டது. ரிப்போர்ட்டைக் கொடுத்த பெண் சிரித்தபடி, "தக்கிந்தி அண்ணா" என்றாள்.

அந்தத் தெலுங்குச் சொல்தான் அவனைக் கவிழ்த்தது. விலை இறங்கினாலும் தக்கிந்தி, காய்ச்சல் குணமானாலும் தக்கிந்தி. அவள் எண்ணைச் சொன்னாள். இவன் நோயே போய்விட்டதாக நினைத்துக்கொண்டு வந்து, தெருவுக்கே கேசரி கொடுத்தான்.

"எதுக்கும் டாக்டராண்ட ஒரு தபா காட்டிக்கினு வாடா" என்றேன்.

"அதான் தக்கிப்போச்சேண்ணா. இன்னும் இன்னாத்துக்கு டாக்டரு?"

இந்த சீசனில் அவன் வயிறு உப்பியது. ஒரு நாள் மண்டியிலேயே ரத்த வாந்தி எடுத்தான். திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் மனைவி மல்லிகா டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"நெம்பரு நார்மலா கீதே சார், அப்புறம் எப்பிடி?"

"உடையறதுக்கு செல் இருந்தாத்தானேம்மா கசியும்?" என்றார் டாக்டர். "முக்கால்வாசி ஈரல் தழும்பாயிடுச்சு. மிச்சம் இருக்கறது கொஞ்சம். அதான் எண்ணும் கம்மியா இருக்கு."

கட்டிலில் கிடந்தவனுக்கு எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது.

"சாறு சொட்டறது நின்னுபோச்சுண்ணா" என்றான். "கூடையில கொட்டையும் தோலுந்தான் கீது."

நான் அவனைத் திட்டிக்கொண்டே அழுதேன். பழத்தைத் தெரிந்தவனுக்கு இது முன்னமே தெரிந்திருக்க வேண்டாமா? அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் மறுபடியும் ரத்தம் கக்கினான். நர்ஸ் ஓடிவந்து பி.பி. பார்த்தாள். உடனே போனில் டாக்டரைக் கூப்பிட்டு, "பி.பி. தக்கிந்தி சார்" என்றாள்.

மல்லிகாவுக்கு இந்தத் தடவை அர்த்தம் பிசகவில்லை. கதவோரம் நின்றிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.