வாளையாரிலும் செக்போஸ்ட், குமுளியிலும் செக்போஸ்ட்

வாளையார் பாலக்காடு மாவட்டம், வண்டிப்பெரியார் இடுக்கி மாவட்டம். இரண்டும் கேரளம்தான். ஆனால் நான் பார்த்தவரை வசதியான வழி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கோவை, தேனி, கம்பம் என்று ஒரு பகல் முழுவதையும் பஸ்ஸில் கரைத்துவிட்டு, மறுபடி கேரளத்துக்குள் ஏறுவதுதான். மழை விட்டும் விடாத ஒரு அக்டோபர் சனிக்கிழமை நான் அப்படிப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, சண்டை போட.

எங்கள் வாளையார்ப் பக்கத்துப் பஸ் நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றைச் சில வருடங்களாகத் தனியாக எழுதிவந்தேன். எல்லாரும் பார்க்கத் திறந்து வை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே என்று, போன வருடம் அதன் நிரலை ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டேன். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். நெடுநாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வந்தார் இசக்கியம்மாள். வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. குமுளிப் பக்கத்துப் பஸ்களையெல்லாம் சேர்த்து அனுப்பினார். ஆசையாகச் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் வாளையார் செக்போஸ்ட்டில் நின்றவர்களுக்குக் கம்பம் பஸ் காட்டியது. நிறுத்தங்களைப் பெயரை வைத்துத்தான் என் நிரல் அடையாளம் காணும். குமுளியிலும் ‘செக்போஸ்ட்’ என்றே ஒரு நிறுத்தம். ஷிப்டைத் தவறவிட்ட ஒருவர் போனில் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அந்த எரிச்சலில் இசக்கி சேர்த்ததையெல்லாம் ஒரே அழுத்தில் நீக்கினேன். ‘இதை நகலெடுத்து நானே தனியா நடத்திக்கிடுதேன்’ என்று அவர் எழுதினார். அப்புறம் நான் என்ன எழுதினாலும் அவருக்குச் சுட்டது, அவர் எழுதியது எனக்கு. இரண்டு அரைகுறைச் செயலிகளை வைத்துக்கொண்டு எல்லை தாண்டுகிறவர்கள் என்ன செய்வார்கள்? நேரில் வருகிறேன் என்று இசக்கிக்கு எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கிளம்பியதுமே வாளையார் லாரி வரிசை. தேனி பஸ்ஸில் சக்கரத்துக்கு மேலே சீட். கம்பத்திலிருந்து குமுளி ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார் டிரைவர்.

“ஏனுங்ணா, இன்னும் எவ்வளவு நேரமாகுங்க?”

“மேல லாரி நிக்குதும்மா. அவன் இறங்கினாத்தான் நாம ஏற முடியும்.”

குமுளியிலிருந்து வண்டிப்பெரியார் பதினான்கு கிலோமீட்டர். நின்றுகொண்டே போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் இசக்கி லேப்டாப்புடன் காத்திருந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“மூணு மாசமா செஞ்சது அக்கா. ஒரு வார்த்தை கேக்காம அழிச்சிட்டீங்களே?”

“வாளையார்ல நிக்கறவங்களுக்குக் கம்பம் பஸ் காட்டுச்சுன்னா நான் என்னங்க பண்றது அம்மிணி? அனுப்பறக்கு முன்னால பாக்க வேண்டாமா?”

“நான் எதைப் பாக்க? செக்போஸ்ட்னா உலகத்துல ஒண்ணுதான்னு எழுதி வச்சது நீங்கல்லா?”

“உங்களுக்கும் ஒண்ணுதானுங்களே! குமுளின்னு சேத்து எழுதினீங்களா?”

இசக்கி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். டீ வந்தது.

அப்புறம் உட்கார்ந்து இரண்டு நிரல்களையும் மறுபடி ஒன்றாக்கி, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி எண் கொடுத்தோம். ஒரு மணி நேர வேலை. ராத்திரி கடை மூடும்வரை இழுத்தது. நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இசக்கி “இது எதுக்கு?” என்பார். தனியாக எழுதியபோது என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்ல முயன்றபோதுதான், இரண்டு இடங்களில் எனக்கே காரணம் தெரியவில்லை என்று தெரிந்தது. சொந்தத் திருத்தத்தை அவரவரே சேர்த்துக்கொள்ளக் கூடாது, மற்றவர் பார்த்த பிறகுதான் என்று முடிவு செய்தோம். நடுவில் கரண்ட் போனதும் லேப்டாப் அணைந்ததும் தனிக்கதை.

இந்த வழியில் போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள், கம்பத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், மலையேறும் நேரத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். நிரலைத் திறந்து வைக்கப் போகிறவர்களுக்கு: அழிப்பதற்கு முன் போன் செய்யுங்கள். பொறுமை வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வளரவில்லை. திரும்பும் வழியில் ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினேன்; வீடு வந்து சேரும்வரை அதற்கு இசக்கியின் அனுமதி வரவில்லை.

போன வாரம் மறையூரிலிருந்து மூன்றாவதாக ஒருவர் வந்து, நாங்கள் இருவரும் எழுதியதில் பாதி தேவையே இல்லை என்று திருத்தி அனுப்பியிருந்தார். உடனே இசக்கியிடமிருந்து செய்தி: “யாரு அக்கா இவரு? வந்ததும் வராததுமா நம்ம வேலையில கை வைக்காரு!”

எனக்கும் கோபம்தான். காரமாக நாலு வரி எழுதி, அழித்துவிட்டு, “முதல்ல அவர் எழுதினதைப் படிச்சுப் பாக்கலாங்க” என்று பதில் போட்டேன்.